டோக்கன் பதினான்கு

திங்கள்சந்தை சுகாதார நிலையம்.
இன்றைக்கு ஓர்மைப் பரிசோதனை.

உள்ளே போய் வந்த ஏசுவடியான் சொன்னார்:
"அஞ்சு வார்த்த சொல்லுவாவ,
கொஞ்சம் கழிச்சு திருப்பிக் கேப்பாவ."
என்ன வார்த்தைகள்?
"மரச்சீனி" என்றவர்
குடையைத் தேட ஆரம்பித்தார்.
குடை கக்கத்தில்.

சாவி, என்றாள் ரெத்தினபாய்.
மைதீன் பிச்சைக்கு நீலமும் படகும்.
தக்கலை டிப்போவில் கண்டக்டராயிருந்தவர்
கண்ணாடி என்று அடித்துச் சொல்ல,
கண்ணாடியில்லவே, கதவு,
பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

எண்ணினேன். ஆறு.
முப்பது வருஷம் வீடுவீடாய்
கரண்ட் மீட்டர் பார்த்தவள் நான்,
எண்ணிக்கை தப்பாது.
தன் சொல்லை விட்டுக்கொடுக்க
ஒருத்தருக்கும் மனசில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்:
"நேத்து வந்த இருபது பேர்ல நாலு பேருக்கு இப்பிடித்தான்.
பேடிக்காண்டாம்,
எல்லாருக்கும் இது முத்திப் போவாது."
நாலு பேர் யார் என்று
பெஞ்சு முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

பதினான்கு.
டாக்டர் சின்னப் பையன். மெதுவாய், தெளிவாய்
ஐந்து சொற்கள் சொன்னான், எல்லாமே புதுசு.
கடிகாரம் வரையச் சொன்னான், வரைந்தேன்.
நூறிலிருந்து ஏழேழாய்க் குறைக்கச் சொன்னான்,
அதுவா கஷ்டம்.
"இப்ப அந்த அஞ்சையும் சொல்லுங்கம்மா."

மரச்சீனி, சாவி, நீலம், படகு,
கண்ணாடி, கதவு.

ஒரு தடுமாற்றமில்லை.
அவன் பேனா மட்டும்
தாளுக்கு மேலே நின்றது.