ஐம்பது ஹெர்ட்ஸ்

தம்பெரேயில் எங்கள் அடுக்ககத்தின் அடியில்
குண்டு விழுந்தால் பதுங்கக் கட்டிய அறை.
இதுவரை விழவில்லை.
செவ்வாய்தோறும் நாங்கள் போய் விழுகிறோம்
கிதார், பேஸ், கீபோர்டு, என் டிரம்ஸ் சகிதம்.

இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினால்
வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது.
அதனால்தான் அது அத்தனை துலக்கமாகக் கேட்டது:
ம்ம்ம்ம்ம்ம்.
யாரும் கேட்காமலே ஒலிக்கும் சுருதிப்பெட்டி.
கீபோர்டில் ஒற்றை விரலால் தேடிப்பார்த்து
"ஜி-க்கு மயிரிழை மேலே" என்றாள் ராய்லா.
இந்த நாட்டு மின்சாரத்துக்குத் தெரிந்த ஒரே சுரம்.

சனிக்கிழமை கச்சேரி.

தூக்கா கிதாரைப் பிடுங்கினான். இருந்தது.
கெயினைப் பூஜ்யத்துக்குத் திருகினான்.
அப்போதும் இருந்தது.
"வாசல்பக்கம் இல்லை. கொல்லைப்புறம்"
என்று ஆம்ப்பைத் திருப்பி வைத்தான்.

முதுகில் இரண்டு துளை.
ஒன்று அனுப்பும். மற்றது திரும்ப வாங்கும்.
நடுவே டிலே, ரிவெர்ப் என்று நாலு வீடு ஏறி இறங்கி
ஊர்க்கதையைச் சேர்த்துக்கொண்டு
ஒலி வீடு வந்து சேர்கிற சந்து.
விரல்நீள வயர் ஒன்றால்
இரண்டு துளையையும் நேரே முடிந்தான்.

நின்றது.

வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.
ஓஸ்மோ உப்பு மிட்டாய் சவைப்பது கேட்டது.
"ஆம்ப் உத்தமம்" என்றான் தூக்கா.

பிறகு ஒவ்வொன்றாக.
ஆறு மீட்டர் கேபிளைச் சேர்த்தான். அமைதி.
டிலே. லேசான இரைச்சல், மணலைத் தூற்றுவதுபோல.
அது வேறு, லெவல் பொருந்தாத சண்டை,
ஒரு சுவிட்சைத் தள்ளினால் அடங்கியது.
ரிவெர்ப், மூன்று கால் பிளக்கோடு வந்த ரேக் பெட்டி:
ம்ம்ம்ம்ம்ம்.

ஆம்ப் வடக்குச் சுவரில், ரிவெர்ப் தெற்குச் சுவரில்.
இரண்டுக்கும் எர்த் உண்டு,
இரண்டையும் கேபிளின் கவசம் கைகோத்துவிட்டிருந்தது.
மண்ணுக்குப் போக வழி ஒன்று போதும்.
இரண்டு கிடைத்ததால்
ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி
இராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது மின்சாரம்.

ஓஸ்மோ இடுக்கியை எடுத்தான்.
எர்த் காலை நறுக்கிவிட்டால் தீர்ந்தது,
பழைய பேண்டில் அப்படித்தான் செய்வோம் என்றான்.
ராய்லாவுக்குத் தீக்காய வார்டில் வேலை.
இடுக்கியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு பிளக்கையும் ஒரே பலகையில் செருகியதில்
பாதி செத்தது. மீதி பாதி
செத்த பாதியைவிட எரிச்சல் மூட்டியது.

அடுத்த அறையில் டாங்கோ வாசிக்கும்
மூன்று ஓய்வூதியர்களிடம் இருந்தது
தீப்பெட்டி அளவு டிரான்ஸ்பார்மர்.
உள்ளே இரண்டு சுருள்,
தொட்டுக்கொள்ளாமலே சேதி சொல்லிக்கொள்ளும்.
ஒரு பாக்கெட் காபித்தூளுக்குக் கடன் தந்தார்கள்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு.

மாட்டினான்.
முழுசாக நின்றது.
ஓஸ்மோகூடச் சவைப்பதை நிறுத்தினான்.

எனக்கு நிற்கவில்லை.

இது உறுமல் இல்லை. மெலிசு, உச்சியில்,
ஈஈஈ என்று இடது காதில்.
பதினேழு வருஷமாக ஹை-ஹாட் நின்ற பக்கம்.
அந்த ம்ம்ம்தான் இத்தனை நாள்
இதைப் போர்த்தி வைத்திருந்ததோ என்னவோ.
கட்டைவிரலால் காதை அடைத்துப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதானே முறை.
அடைத்தபோது இன்னும் துலக்கம்.

"இப்போ சரியா?" தூக்கா கேட்டான்,
நெற்றியெல்லாம் தூசி, பல்லெல்லாம் சிரிப்பு.
"துளிச் சத்தமில்லை" என்றேன்.

குச்சிப்பையின் அடியில் கிடந்தது
போன வருஷம் ராய்லா கொடுத்த மஞ்சள் காதடைப்பான்,
உறைகூடப் பிரிக்காமல்.
பிரித்தேன்.
அவள் பார்த்தாள்,
இடுக்கியைப் பார்த்த அதே பார்வை.

குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினேன்.