அடக்க விலை

பிஸ்கட் கொம்பனியில் எனக்கு அடக்க விலைப் பகுதி.
ஒரு பக்கற்றுக்குள்
எத்தனை சதத்துக்குச் சீனி, எத்தனை சதத்துக்குக் காற்று
என்று சொல்லத்தான் சம்பளம்.
ஆகவே கேம் விளையாட ஒரு மெஷின் கட்டுவதென்று
தீர்மானித்த அன்றே
பழைய இன்வொய்ஸைப் புரட்டிப் பின்பக்கத்தில்
இரண்டு நிரல் கீறினேன்:
வேண்டும். வேண்டுமாம்.

நிறம் மாறும் விளக்குகள் இரண்டாவதற்குப் போயின.
கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி போனது.
பிறகு பெட்டியே போனது.
மதர்போர்ட் வந்த அட்டையின் மேலேயே
மதர்போர்ட்டைக் கிடத்தினால் ஆயிற்று,
சுளகில் பிள்ளை கிடத்தினாற்போல.

மூன்று சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஏறி இறங்கினேன்.
எஸ்கலேட்டர் நகரவில்லை, விலைகள் நகர்ந்தன.
ஒரே றாம், மாடிக்கு ஒரு விலை.
ருவந்த மட்டும் கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து,
"நங்கி, எல்லாத்திலயும் குறைங்க.
பவர் சப்ளையில மட்டும் வேணாம்" என்றான்.
அவனுக்குத் தமிழ் பாதிதான்.
மீதியை இரண்டு கையாலும் வெடித்துக் காட்டினான்.
அதை மட்டும் புதிதாக வாங்கினேன்.
மூன்று வருட வாரண்டி.
என் வேலைக்குக்கூட அவ்வளவு இல்லை.

கிராபிக்ஸ் கார்ட் தெஹிவளையில்.
விற்பவன் ஷஹ்மி, ருமேனியாவுக்குப் போகிறான்,
செவ்வாய்க்கிழமை பிளைட்.
ரயில் பாதைக்கு அங்காலே கடல் என்றதும்
விலாசத்துக்காகவே பத்தாயிரம் குறைத்தேன்.
உப்புக்காற்று ஆணியைத் தின்னும், கார்டை விடுமா?
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு திருகின் தலையில் பச்சை பூத்திருந்தது.
"இன்னுமொரு ஐயாயிரம்" என்றேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
சுவரோரம் இரண்டு சூட்கேஸ்,
வெறும் மேசை, மேசையில்
தூசி படியாத ஒரு நீள்சதுரம்.
"எடுங்க" என்றான்.
நூறாம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
அது இன்னும் சூடாக இருந்தது.
நான் கதவைத் தட்டும்வரை விளையாடியிருக்கிறான்.

அந்த ஐயாயிரத்தை
எந்த நிரலிலும் இன்னும் எழுதவில்லை.

மானிட்டர் ஒஃபிஸ் ஏலத்தில் கிடைத்தது, என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.
இடது மேல் மூலையில் ஒரு புள்ளி
சிவப்பிலேயே நின்றுவிட்டது.
எந்த விளையாட்டு வானமானாலும்
அங்கே ஒரு செவ்வாய்.

பெட்டி இல்லையென்றால் சுவிட்சும் இல்லை.
அதை யாரும் சொல்லவில்லை.
ரிஃப்காவிடம் இரவல் வாங்கிய ஸ்குரூட்ரைவரின் நுனியால்
இரண்டு ஊசிகளைத் தொட்டுக்கொண்டு
கண்ணை மூடினேன்.
விசிறிகள் சுற்றத் தொடங்கின.
வெள்ளவத்தையில் அன்று என்னைவிடப் பணக்காரி இல்லை.

மாத முடிவில் கீழ்வீட்டுப் பத்மலோஜினி அக்கா
கரண்ட் பில்லோடு படியேறி வந்தா.
"பிள்ளை, மேல என்ன நடத்துறீர், பேக்கரியோ?"

பிஸ்கட்டுக்கு
மா, சீனி, மாஜரின், கடதாசி, ஒட்டும் பசை வரைக்கும்
கணக்குப் பார்ப்பவள்
அடுப்பை மறந்துபோனேன்.

இப்போது லைட் போடுவதில்லை.
சீலிங் ஃபேனும் இல்லை.
அதற்கு நான்கு விசிறி, எனக்கு ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே கடலும் அசையாத சித்திரை இரவு.
திரையில் பனி கொட்டுகிறது.
முழங்கால்வரை புதைந்து மலையேறுகிறேன்,
நாடியிலிருந்து வியர்வை
ஸ்பேஸ்பாரில் சொட்டுகிறது.

அங்கே அவனுக்கு
இந்நேரம் குளிருமா தெரியாது.
மேலே இடது மூலையில்
பேரம் பேசி வாங்கிய செவ்வாய்
இமைக்காமல் நிற்கிறது.