முத்திரை

சட்பரியில் பிப்ரவரி மாதம்.
கதவு திறந்தால் ஆளுக்கு முன்னால்
குளிர்தான் உள்ளே வந்து விலை கேட்கும்.
என் கடையில் எல்லாமே
ஒருமுறை யாருக்கோ சொந்தமாய் இருந்தவை:
நிக்கல் சுரங்கத்தை விட்டுப் போனவனின் துளைக்கருவி,
கல்யாணம் முறிந்தவள் விற்ற காபி இயந்திரம்,
இடது காலுக்கு மட்டும் ஒரு ஸ்கேட்டிங் பூட்ஸ்.

ஹோவர்போர்டுகள் மட்டும் புதுசு.
டொரண்டோ வேன்காரன் ஒருவன்
பதினொரு பெட்டி இறக்கினான்.
ரசீது கேட்டேன், சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
ஒன்று நூற்றைம்பது டாலர்.

மேல் அலமாரியில் வேறொன்று இருந்தது,
நல்ல கம்பெனி, இருநூற்று எண்பது.
ஆறு மாதமாய்த் தூசு மட்டும்
அதில் ஏறி நின்றது, விழாமல்.

ஐலி காங்காஸ் வந்தாள்.
மருத்துவமனைச் சமையலறையில் வேலை,
கையுறையைக் கழற்றியதும் வெங்காய வாசனை.
மகன் ஓனிக்குப் பத்து வயது முடிகிறதாம்.
பேருந்துச் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள்.
பேட்டரி யார் செய்தது, சோதித்ததா?
ஏறி முடிந்தால் சார்ஜ் தானாய் நிற்குமா?
இந்தச் சார்ஜர் இதனுடையதுதானா?
ஆமாம் என்றேன், ஆமாம் என்றேன்,
மூன்றாவது ஆமாமுக்கு
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செவுள் சிவப்பா என்று மீனைப் பார்ப்பதுபோல்
கவிழ்த்துப் பார்த்தாள்.
அடியில் இருந்தது முத்திரை,
வெள்ளி நிறம், வட்டம், பாதுகாப்பானது என்று.

அதை நான்தான் ஒட்டினேன்.
ஐந்நூறு முத்திரை ஒரு சுருள், ஒன்பது டாலர்,
தபாலில் வந்தது.
குமிழி விழாமல்
கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டியிருந்தேன்,
காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவதுபோல்.

அவள் நகத்தை ஓரத்தில் வைத்தாள்.
முழுசாய் வந்தது.
கீழே ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்டிக்.
கிழித்ததைக் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டினாள்.
கோபமாய்க்கூட இல்லை.

"நாங்கள் இருப்பது நிலவறை வீடு.
ஒரே கதவு.
பிளக் இருப்பது கதவோரம்."

அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு மேலே கை காட்டினாள்.

நூற்றைம்பதுக்கே அதை எடுத்துக்கொள் என்றேன்.
வாய் உலர்ந்திருந்தது.
"பொருள் நல்லதென்றால் விலையைச் சொல்.
இல்லையென்றால் அதையும் சொல்.
இடையில் ஏன் இறங்குகிறாய்?"

கோட்டோடு, பனி ஒழுகும் பூட்ஸோடு ஏறினாள்.
ஒரு கை கோட்டு மாட்டும் கம்பியில்.
முன்னே சாய்ந்தாள், பின்னே சாய்ந்தாள்,
பழைய டிவிகளுக்கும் மிக்சிகளுக்கும் நடுவே
அரைவட்டம் அடித்து
முதல்முறையாய்ச் சிரித்தாள்,
உடனே நிறுத்திக்கொண்டாள்.
நூற்றைம்பது கையில்,
மீதி நான்கு தவணை.
ரசீதில் என் பெயரை முழுதாய் எழுதச் சொன்னாள்.
ஆர்மான் தெல்ப்பேஷ்.
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் மடித்தாள்.

அன்றிரவு மீதிப் பெட்டிகளை
முற்றத்து மணல் தொட்டிக்கு இழுத்துப் போனேன்.
எண்ணினேன். எட்டு.
மறுபடி எண்ணினேன்.

மூன்றை ஏற்கெனவே விற்றிருக்கிறேன்.
ஒருவன் இரட்டைப் பிள்ளைகளுக்கென்று இரண்டு வாங்கினான்,
காதை மூடும் பச்சைத் தொப்பி.
இன்னொன்று ஆணா பெண்ணா என்பதே நினைவில்லை.
ரசீது இல்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம்;
கேட்காததால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஜன்னலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
இங்கே வாங்கியவர்கள் சார்ஜ் போட வேண்டாம்,
கொண்டு வாருங்கள், பணம் தருகிறேன்.
யாரும் வரவில்லை.
ஐலி வந்தாள், இரண்டு தவணை கட்டினாள்.
ஓனி வாசற்படியில் பல்லை உடைத்துக்கொண்டானாம்,
மற்றபடி சுகம்.

தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டால்
எந்தத் தெருப்பக்கம் திரும்புகிறதென்று
வேலையை நிறுத்திக் கேட்கிறேன்.
ராத்திரியில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்து
எழுத்தை மூடிவிடுகிறது.
காலையில் முதல் வேலையாக
சுரண்டுகிறேன், நகத்தால்.