பட்ட கொப்பு

கற்சிலைமடுவில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்
புஸ்பலீலா அக்கா வளவுப் புளி.
குசினித் தகரத்துக்கு மேலே
ஒரு கொப்பு மட்டும் இலையில்லாமல்.
போன மாரிக்கும் தளிர்க்கவில்லை.
இந்த மாரித் தண்ணி குடித்துப் பாரம் ஏறினால்
ஒருநாள் இரவு தானாக வரும்.
பட்ட கொப்பு காற்றுக்குக் காத்திருப்பதில்லை.

கஜரூபன் ஏறுகிறவன்.
நான் கயிறு பிடிக்கிறவன்.
கூலியில் பெரிய பங்கு அவனுக்கு.
ஏனென்று நான் கேட்டதில்லை,
அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

ஏற முன்னம் மரத்தை ஒருதரம் சுற்றி நடப்பான்.
கத்திப் பிடங்கால் தட்டுவான்.
பச்சை மரம் 'தொம்' என்னும், வயிறு நிறைந்த ஆள்போல.
பட்டது 'டொக்.'
அந்த 'டொக்'கில் கால் வைத்தவர்கள் இரண்டு பேரை
எங்களுக்குத் தெரியும்.
ஒருவர் இப்ப முச்சந்தியில் கடை வைத்திருக்கிறார்,
கதிரையில் இருந்தபடி.

முசுறு கூடு கட்டிய கவராகத் தேடி
அதன் மேலால் என் கயிற்றைப் போட்டான்.
"பச்சை இல்லாத இடத்திலை இதுகள் குடியிராது மச்சான்,
நம்பலாம்."
கடிபட்டதும் அவன்தான்.

"அக்கா, அடுப்பை நூத்துப்போட்டு வெளியிலை வாங்கோ."
அவ அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையோடு வந்தா,
வேலியோரம் வாளியைக் கவிழ்த்து அதில் குந்தினா.
"உள்ளுக்கு ஆரும்?"
"கோழி ஒண்டு அடையிலை."
கோழியையும் தூக்கிவந்தோம். அது என்னைக் கொத்தியது.

நுனியிலிருந்து தொடங்கினான்.
முதலில் அடிப்பக்கம், மூன்று விரல் ஆழம்.
பிறகு மேற்பக்கம், ஒரு சாண் தள்ளி.
மாற்றிச் செய்தால் பட்டை கிழிந்து
அடிமரத்தின் இடுப்புவரை உரிந்து வரும்,
வாள் பிடித்த கையையும் கேட்காது.
ஒவ்வொரு துண்டும் விடுபடும்போது
அடிமரத்தில் போட்ட இரண்டு சுற்று இறுகும்.
பாரத்தைப் பிடிப்பது அந்தச் சுற்று.
நான் கயிறு விடுகிற வேகம் மட்டும்தான்.
தகரத்துக்கு ஒரு முழம் மேலே துண்டு ஆடும்,
யோசிக்கும்,
பிறகு முற்றத்துக்கு இறங்கும்.

கடைசி வெட்டு அடியில். ஏணி உயரம்.
மெசின் வாள் கத்தியது, பொறி பறந்தது, நின்றது.

"இரும்பு."

இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு
எல்லோரும் ஒரே மாதிரித்தான் அசையாமல் நிற்போம்.
வேலிக்கு அங்கால நின்ற சைக்கிள்காரனும் நின்றான்.
ஆரும் வருசத்தைச் சொல்லவில்லை.
கயிறு என் உள்ளங்கையில் ஈரமானது.
அவன் கத்தி முனையால் மெல்ல, மிக மெல்ல
மரத்தை நோண்டினான்.

"ஆணி," என்றான். "ஆறிஞ்சி. வளைஞ்சது."

"அது என்ரை," என்றா அக்கா, வாளியில் இருந்தபடியே.
"வந்து இறங்கின புதுசிலை தறப்பாளுக்கு அடிச்சது.
நாலு பேர் அதுக்குக் கீழை
ரண்டு மாரி கிடந்தனாங்கள்."
கொஞ்சம் பொறுத்து,
"உன்ரை சங்கிலிப் பல்லுக்கு நான் காசு தரேலாது, தம்பி.
இப்பவே சொல்லிப்போட்டன்."

சைக்கிள்காரன்தான் முதலில் சிரித்தான்.

மிச்சத்தைக் கைவாளால் அறுத்தான்,
ஆணிக்கு உட்பக்கமாய்,
மரம் தன் காயத்தை மூடவென்று வைத்திருக்கும்
அந்தத் தடித்த வளையத்தைத் தொடாமல்.
ஒரு மணித்தியாலம் போனது.
ஆணி இருந்த கட்டையை அக்கா காலால் உருட்டிப் பார்த்தா.
"விறகுக்கு ஆகும். சாம்பலிலை ஆணி கிடக்கும்,
எடுத்து நிமித்தலாம்."

குசினித் தகரத்தில் நேர் வெயில் விழுந்தது.
தகரம் 'டிக், டிக்' என்று நெளிந்தது.
சங்கிலிப் பாதி காசு வாங்கினோமா இல்லையா என்பது
எங்களுக்கும் அவவுக்கும் உள்ள வழக்கு,
இன்னும் முடியவில்லை.

அவன் கால் நிலத்தில் பட்ட பிறகும்
என் விரல்கள் கயிற்றை விடாமல் இருந்தன.
நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி விரித்தேன்.
அவன் கழுத்தில் இருந்து முசுறுகளை நுள்ளி எறிந்தபடி
பானையைப் பார்த்தான்.

"அக்கா, அடுப்பை மூட்டுங்கோ.
சோறு இன்னும் பாதிதான்."