இடது பை, வலது பை

சமையலறை மேசையில் வைத்துச் சுத்தியலால்
ஆப்ரிகாட் கொட்டைகளை உடைப்பான் ரதீம்.
ஒவ்வொரு அடிக்கும் என் தேநீர் தளும்பும்.
"காலையில் இரண்டு. அப்படித்தான் எழுதியிருக்கிறது."
யார் எழுதியது என்று கேட்டால்
குரல்தான் உயரும்.

நான் செவிலி. பிர்னோவில், புற்றுநோய்ப் பிரிவில்.
அந்தப் பருப்பு வயிற்றுக்குள் போய்
சயனைடு ஆகும் என்றேன்.
"உன் மாத்திரை மட்டும் என்ன, தேனா?"
அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி
வெட்டிவிட்ட திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
யார் கட்சியும் இல்லை.

காலையில் அவன் கொடுத்தான், இரவில் நான்.
இருவரிடமும் நாக்கைத் தூக்கிக் காட்டினார்,
பள்ளிக்கூடத்துப் பையன்போல.
பதினொரு நாள்.

பிப்ரவரி மண்ணைத் தோண்ட
இயந்திரம் வரவேண்டியிருந்தது.
மறுநாள், யாருக்காவது கொடுக்கலாமென்று
அவர் கோட்டை உதறினேன்.
இடது பையில் பருப்புகள்.
வலது பையில் என் மாத்திரைகள்,
எச்சில் பட்டுச் சாயம் போய்,
துணியோடு ஒட்டிக்கொண்டு.

ரதீமைக் கூப்பிட்டேன். வந்தான்.
சுத்தியலை நகர்த்திவிட்டு
மேசையில் கொட்டி எண்ணினோம்.
எனக்காக அவனும் ஒருமுறை எண்ணினான்.

இருபத்தொரு பருப்பு.
பத்து மாத்திரை.
ஆளுக்கொன்று குறைந்தது.