கிண்ணியில் ஒரு சிட்டிகை

எழும்பூரில் எங்கள் கோப்பு
யாருடைய மின்விசிறிக்கோ கீழே
இன்னும் படபடத்துக்கொண்டிருக்கிறது.
கருமருந்துக்கு அனுமதி வரவில்லை.
செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு
ப்ளைவுட் கோட்டை வந்துவிட்டது,
பதினோரு துப்பாக்கிகள் வந்துவிட்டன,
முந்நூறு பேருக்கு இட்லியும்.

அதனால்தான் இந்த டப்பா.
மாற்று மருந்து என்றார் கனி பாய்.
மூடியைத் திறந்து முகர்ந்தேன்,
கந்தக வாடையே இல்லை.
ரசப்பொடியைவிடக் கரடு, சாம்பல் நிறம்.
தராசை எடுத்தேன்.
"கீழ வைம்மா. இது எடைக்கு இளசு,
பால் அளக்குற மாதிரி அளக்கணும்."
பழைய மருந்தை அளந்த அதே பித்தளைக் குழாய்,
அதே கோடு வரை.

சங்கத்துக் கார்டு என்னுடையதில்லை.
தேவசகாயம் அண்ணனுக்கு டெங்கு.
மூன்று நாளாய் அவர் பெயரில்
நான் கையெழுத்துப் போடுகிறேன்.
அந்த 'தே'யின் கொக்கி மட்டும்
எனக்குப் பிடிபடவில்லை.

குழல் வாய் வழியே மருந்து,
அதன் மேல் ஒரு பிடி ரவை,
குண்டு இருக்கவேண்டிய இடத்தில்.
சமையல்கட்டில் போய்க் கேட்டபோது
"உப்புமாவுக்கா?" என்றார்கள்.
"சண்டைக்கு."

ஆக்‌ஷன்.
பதினோரு கற்கள் இரும்பில் உரசின.
பதினோரு கொத்துப் பொறி.
அவ்வளவுதான்.
ஏரியில் ஒரு கொக்கு கால் மாற்றி நின்றது.
குதிரை மேல் இருந்த வெள்ளைக்காரக் கலெக்டர்
(ராயபுரம், முகத்தில் அரை டப்பா பவுடர்)
"சுடுங்கய்யா, விக்குக்குள்ள வேர்க்குது" என்றார்.

போன படத்துல வெடிச்சுதே
என்று மைக் கத்தியது.
போன படத்தில் இருந்தது அசல்,
முன்கோபி.
ஒரு பொறி பட்டால் போதும், பாய்ந்துவிடும்.
இதற்குக் கல்லின் சூடு போதாது.
கேப் வைத்து அடிக்கும் துப்பாக்கி என்றால் பிடித்திருக்கும்,
ஆனால் கதை நடக்கிற வருஷத்தில்
கேப் இன்னும் பிறக்கவேயில்லை.

கனி பாய் பெட்டியின் அடியிலிருந்து
பழைய பிலிம் ரோல் குப்பி ஒன்றை எடுத்தார்.
உள்ளே இரண்டு ஸ்பூன் கறுப்பு,
எந்தக் கணக்கிலும் எழுதாதது.
விபூதி கொடுப்பதுபோல
கிண்ணி கிண்ணியாய் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே போனார்.

கிண்ணியில் முதலில் ஒரு சீறல்.
மூச்சு விடும் நேரம்.
பிறகு ஏரி முழுக்க அதிர்ந்தது.
கலெக்டரின் குதிரை தண்ணீரில் இறங்கிவிட்டது.
போர்க்களம் எங்கும்
அடிப்பிடித்த உப்புமா வாசனை.
"புகை பத்தல" என்றார் டைரக்டர்.

சாப்பாட்டு நேரத்தில்
ஹீரோவுக்கு டூப் போடும் எபினேசர்
முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தபடி
"நம்ம கதைதான் போல" என்றான் டப்பாவைக் காட்டி.
எனக்கு அது ஒப்பவில்லை.
மருந்து இரவு எட்டரைக்கு
போரூர் சிக்னலில் நிற்பதில்லை.

மாலை, கழுவும் வேலை.
"கழுவுறது ஈசின்னு போட்டிருக்குக்கா"
டப்பாவைத் திருப்பிப் படித்தான் ஒரு பையன்.
"டப்பாவா துருப்பிடிக்கப் போகுது?
அது என்ன வேணா சொல்லும்" என்றார் பாய்.
டீ பாய்லரில் சூடுபண்ணிய லாரித் தண்ணீர்.
முதல் வாளி மை,
இரண்டாவது சாம்பல்,
மூன்றாவது அரிசி களைந்த நீர்.
துணி, கம்பி, எண்ணெய். பத்துக் குழல்கள்.

பதினோராவது
ஹீரோவோடு செல்ஃபிக்காக
கேரவனுக்குள் போயிருந்தது.
ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தது.
என் கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று
சாக்கில் சுற்றி வைத்தேன்.

ஒரே ஒரு ராத்திரி.
காலையில் குழல் வாயில் விரல் விட்டேன்,
ஆரஞ்சாய் வெளியே வந்தது.
உள்ளே எவ்வளவு தூரம் என்று
டார்ச் அடித்துப் பார்க்கத் தைரியமில்லை.
கனி பாய் திட்டவில்லை.
வாளியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

பத்து மணிக்கு வவுச்சர் வந்தது.
தேவசகாயம்.
கொக்கி இன்றைக்கு அச்சாக விழுந்தது.
தாளைப் பிடித்திருந்த இடத்தில்,
பக்கத்திலேயே,
துரு நிறத்தில் என் கட்டைவிரல்.