ஏழு கிலோ

படுக்கையின் மேல் பெட்டி
வாய் பிளந்து கிடக்கிறது.
விமானக் கம்பெனி கொடுப்பது ஏழு கிலோ.
மாதிரித் தக்கைகளுக்கு இரண்டு போக
எனக்கு ஐந்து.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள்.
என் கணக்கில் ஆள் எண்பத்தெட்டு,
ஆடை ஐந்து.
ஒன்பது நாள், நாலு ஊர்:
ரைம்ஸ், மைன்ஸ், வெரோனா, திபிலிசி.
நடுவில் ரைன் நதிப் படகில் ஒரு விருந்து,
எதற்கென்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

முதலில் நீலக் கோட்டு.
கறுப்பு வேண்டாம் என்றார்
போர்த்தோ தையல்காரர் அமாதேயு,
உதட்டில் குண்டூசிகளோடு.
"கறுப்பில் போனால் உங்களிடம் தண்ணீர் கேட்பார்கள்.
நீலம் யாரோடும் சண்டைக்குப் போகாது."
சரிதான்.
சாம்பல் கால்சட்டையோடு அது கூட்டம்.
வெளிறிய பருத்தியோடு அது திராட்சைத் தோட்டம்.
டையை உருவிப் பைக்குள் சுருட்டினால்
இரவுச் சாப்பாடு.

பெல்ட்டில் நாலாம் துளையிலிருந்து
இரண்டாம் துளைக்கு வந்துவிட்டேன்.
அமாதேயு ஒன்றும் கேட்கவில்லை.
உள்தையலில் இரண்டு விரல் துணி
மடித்து விட்டிருந்தார்.
"இது உங்கள் ஐம்பத்தெட்டுக்கு."

ஷூ ஒரே ஜோடி, பழுப்பு.
இரண்டாவது ஜோடி என்பது ஒரு கிலோ ஆசை.
காலுறைகள் ஷூவின் வயிற்றுக்குள்.
சட்டை ஐந்து, நாலு வெள்ளை.
உள்ளாடையை ஓட்டல் ஷாம்பூவில் கசக்கி
ஹீட்டர் மேல் போட்டுத் தூங்குவது
விற்பனை மேலாளர் என்று அட்டை அடித்த பிறகும் தொடர்கிறது.

கோட்டு நல்ல கம்பளி, முறுக்கேறிய நூல்.
குளியலறையில் வெந்நீரைத் திறந்து
ஆவியில் தொங்கவிட்டால்
விடிவதற்குள் சுருக்கம் விழுந்துவிடும்.
தக்கையும் அந்த ஜாதிதான்.
பாட்டில் கழுத்தில் பத்து வருஷம் நெரிபட்டும்
பிடுங்கியதும் மூச்சு வாங்கி உப்பும்.
இதைச் சொல்லித்தான் விற்கிறேன்,
ஐந்து மொழிகளில், மூன்றில் தப்பாக.

போன நவம்பர், ரைம்ஸ்.
கோந்த்ரான் ஷெவாலை நான் பார்க்கப் போனது
பன்னிரண்டாயிரம் தக்கை விஷயமாக.
பதினாலு வருஷமாக வாங்குகிறவர்.
ஒவ்வொரு மாதிரியையும் நாக்கில் வைத்துப் பார்த்து
முகத்தைச் சுளித்த பிறகுதான் விலை பேசுவார்.
வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.
"ஞாயிறு இரவு," என்றாள்.
"அடக்கம் இன்று மூன்று மணிக்கு."

என்னிடம் கறுப்பாக எதுவும் இல்லை.
ரயில் நிலையக் கடையில்
பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு டை.
அதே நீலக் கோட்டு
தேவாலயத்தின் கடைசி வரிசையில்
ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.
வெளியே மழை.
அவர் மனைவி நான் யாரென்று தெரியாமலே
என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்,
முழங்கைக்குச் சற்று மேலே,
கார் வரும்வரை விடவில்லை.

அன்றிரவு வெந்நீரைத் திறக்கவில்லை.
கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு
அந்த ஐந்து விரல் மடிப்பைப்
பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.
காலையில் இல்லை.
துணி அதையும் விட்டுவிட்டிருந்தது.
நல்ல துணி. விலையும் அப்படி.

அதிலிருந்து கறுப்பு டையும் வருகிறது.
படகு விருந்துக்கு ஆகாது,
திபிலிசிக்கு ஆகாது,
எந்த உடுப்போடும் சேராது.
பெட்டியின் ஓரத்தில், ரேசருக்குப் பக்கத்தில்.

"அதெரித்து, எவ்வளவு?" என்று
சமையலறையிலிருந்து லியோகாதியா கேட்கிறாள்.
தராசைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிறேன்.
ஏழு கிலோ, நாற்பது கிராம்.

திறந்து, யோசித்து,
பதினோரு தக்கைகளை வெளியே எடுக்கிறேன்.
கட்டில் சரிவில் உருண்டு
ஒன்று தரையில் விழுந்து இரண்டு தரம் துள்ளுகிறது.

"சரியாக ஏழு," என்கிறேன்.